ஒன்று எண்ணிவிட்டு

டாக்டர் பிரென்டிஸ் இரண்டு தாள்களை ட்ரென்ட் மல்கேவின் முன் அருகருகே வைத்தார். ஒன்று அன்று காலை எடுத்த சோதனை. மற்றது இருபது வருடத்துக்கு முந்தியது, அவன் ஃபூட்டி என்கிற ஆஸ்திரேலியக் கால்பந்து ஆடிய கிளப்பின் கோப்பிலிருந்து வந்தது.

"ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு. உங்க மூளை அப்ப எவ்வளவு வேகமோ, இப்பவும் அவ்வளவுதான்" என்றார்.

கேட்பவருக்கு நல்ல செய்திதான். அந்தச் சோதனையின் சூட்சுமம் தெரிந்தால்தான் அவன் ஏன் இடிந்துபோனான் என்பது புரியும். திரையில் சீட்டுகள் ஒவ்வொன்றாகத் திரும்பும். சிவப்பு வந்தால் பொத்தானைத் தட்ட வேண்டும். எவ்வளவு சீக்கிரம் தட்டினாய் என்பதே மதிப்பெண். சீசனுக்கு முன், பிப்ரவரியில், எல்லோரும் ஒருமுறை தட்டிவைப்பார்கள். பிறகு ஆட்டத்தில் ஒருவன் தலையில் அடிபட்டால், அவனுடைய பிப்ரவரி வேகத்தோடுதான் ஒப்பிடுவார்கள். குறைந்திருந்தால் அடுத்த சனிக்கிழமை ஆட்டத்தில் வெளியே உட்கார வேண்டும். அவன் இடத்தில் வந்தவன் நன்றாக ஆடிவிட்டால் அந்த இடம் போனதுதான்.

ஆகவே ஆட்டக்காரர்கள் பிப்ரவரியிலேயே மந்தமாகத் தட்டினார்கள். சிவப்பைக் கண்டதும் ட்ரென்ட் மனதுக்குள் 'ஒன்று' என்று எண்ணிவிட்டுத் தட்டுவான். பக்கத்து நாற்காலியிலிருந்து சக ஆட்டக்காரன் டச்சி, "டேய், ரொம்ப மண்டு மாதிரி தட்டாத, மறுபடி ஸ்கூல்ல சேத்துடுவாங்க" என்பான். அறையே சிரிக்கும். பதினோரு சீசனில் ஒன்பது முறை நினைவு தப்பி விழுந்தான். ஒன்பது முறையும் அடுத்த சனிக்கிழமை ஆடினான்.

இப்போது வயது நாற்பத்து மூன்று. அடுப்பை அணைக்க மறக்கிறான். காரணமில்லாமல் சுவரைக் குத்துகிறான். மனைவி கெரின் அவனைக் கண்டு பயப்படத் தொடங்கியிருந்தாள். இது அவன் குணமில்லை, வாங்கிய அடிகள் செய்தது என்று யாராவது ஒரு தாளில் எழுதித் தர வேண்டும். ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. தலையில் பட்ட அடிகளால் வரும் அந்த மூளை நோயை உறுதியாகக் காட்ட மூளையை வெட்டிப் பார்க்க வேண்டும். அது செத்த பிறகு. மிச்சமிருந்தது இந்தச் சீட்டுச் சோதனைதான்.

பழைய ஏமாற்றை ஒளிக்காமல் சொன்னான்; அன்று வேண்டுமென்றே மந்தமாகத் தட்டியது, இன்று முழு வேகத்தில் தட்டியது என்றான். டாக்டர் பேனாவை மூடினார். அந்தத் தாள் பொய்யென்றால், பொய்யாகத் தட்டத் தெரிந்தவரின் இன்றைய தாளை எப்படி நம்புவது என்று மெதுவாகக் கேட்டார்.

கெரின்தான் காரை ஓட்டினாள். வெரிபீ ஊரைத் தாண்டியதும் கேட்டாள்.

"இன்னைக்கும் எண்ணினியா?"

இல்லை என்றான். நம்புகிறேன் என்று அவள் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் இழுப்பறையிலிருந்து சீட்டுக்கட்டை எடுத்தாள். சிவப்பு வந்தால் மேசையைத் தட்டச் சொன்னாள். கறுப்பு. கறுப்பு. டைமண்ட் ஏழு. உடனே தட்டத்தான் நினைத்தான். கை இறங்குவதற்குள் அவள் அடுத்த சீட்டை உருவியிருந்தாள்.

"எண்ணாத."

"எண்ணல, கெரின்."

ஹார்ட் ராணி. இம்முறை அவளே தனக்குள் எண்ணினாள். ஒன்று. இரண்டு. அதன் பிறகே அவன் கை மேசையில் விழுந்தது. அவன் முகத்தில் கள்ளம் எதுவும் இல்லை. பாடுபட்டு ஓடி வந்தவனைப் போல நெற்றியில் வியர்வை மட்டும் இருந்தது.

அவள் கட்டைக் கவிழ்த்து வைத்தாள்.

"எண்ணினேன்னு சொல்லு, ட்ரென்ட்" என்றாள். "நான் கோவிச்சுக்க மாட்டேன். எண்ணினேன்னு மட்டும் சொல்லிடு."