நாலாவது ஓவருக்குப் பிறகு

நிலவனுக்கு இந்திய டெஸ்ட் அணியிலிருந்து அழைப்பு வந்த அதே வாரத்தில் வெளிநாட்டு இருபது ஓவர் லீக் ஒன்றும் அவனைக் கூப்பிட்டது. தேதிகள் மோதின. இரண்டில் ஒன்றுக்குத்தான் போக முடியும். சொந்த ஊரான வடக்குப்பட்டு முழுக்க லீக்குக்கே ஓட்டுப் போட்டது. ஒரு ஆட்டத்துக்கு ஆளுக்கு நாலே ஓவர்தான், ஒரு சீசன் ஆடினால் ஏழு தலைமுறைக்குப் போதுமாம். கோதண்டத்துக்கு மட்டும் மனசு ஆறவில்லை.

ஒரகடம் கார் கம்பெனியில் கதவு மாட்டுகிறவன் அவன். பள்ளிக்கூட நாளிலிருந்து நிலவனுக்கு விக்கெட் கீப்பர். கோடையில் ஏரி வற்றியதும் அங்கே டெஸ்ட் போலவே சிவப்புப் பந்தில் இரண்டு நாள் ஆட்டம் நடக்கும். அதில் ஒரு வழக்கம் உண்டு. கிழக்கு முனையில் பந்தை வாங்கியவன் தானாகப் "போதும்" என்று சொல்லும்வரை அந்த முனை அவனுக்குத்தான். கேப்டனே வந்தாலும் பந்தைக் கேட்கக்கூடாது. ஒரு வருஷம் நிலவன் சாப்பாட்டுக்குப் பிறகு வாங்கிய பந்தைப் பொழுது சாயும்வரை விடவேயில்லை. கோதண்டம் உள்ளங்கை வீங்கி, மறுநாள் ஸ்பூனால்தான் சோறு தின்றான். அப்படியொரு சுகம் பிறகு அவனுக்கு வாய்க்கவில்லை.

"நீ இன்னா சொல்றியோ அதான்டா," என்றான் நிலவன் போனில்.

"ஞாயித்துக்கெழம ஏரில மேட்ச் கீது. வா, ஆடிட்டுப் பேசிக்கலாம்."

சிவப்புப் பந்தைக் கையில் கொடுத்துவிட்டால் மிச்சத்தை அதுவே பேசிவிடும் என்று கோதண்டத்துக்கு அசாத்திய நம்பிக்கை. ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் வேண்டாமென்று சொல்லிவிட்டுக் கிளம்பினான். சூப்பர்வைசர் முறைத்தார். முறைத்தால் முறைக்கட்டுமே!

நிலவன் வந்தான். கிழக்கு முனையில் பந்தை வாங்கினான். முதல் பந்து உள்ளே வருவதுபோல் வந்து வெளியே நழுவி, கையுறையில் அறைந்தது. கோதண்டத்துக்குக் கண் கலங்கிவிட்டது. அதே நிலவன்! மூன்றாவது ஓவரில் ஒரு ஸ்டம்பு பறந்தது, நாலாவதில் இன்னொன்று. இனி எந்த லீக்காரன் இவனை இழுத்துக்கொண்டு போவான் என்று மனசுக்குள் கூத்தாடினான்.

மறுமுனை ஓவர் முடிந்ததும் கோதண்டம் ஸ்டம்புக்குப் பின்னால் ஓடிப்போய்க் கிழக்கே பார்த்துக் குந்தினான். பந்து நிலவனிடம் வந்தது. அவன் அதைச் சுடலையிடம் தூக்கிப் போட்டுவிட்டு, எல்லைக்கோட்டுக்குப் போய்த் தண்ணீர் பாட்டிலைத் திறந்தான்.

கம்பெனி ஹாஸ்டலில் தங்கியிருக்கும் திருநெல்வேலிக்காரன் சுடலை. அவனுக்கே அது பொறுக்கவில்லை. "என்னண்ணே, போதும்னு நீங்க சொல்லவே இல்லையே?"

"அதான் நாலு ஓவர் முடிஞ்சிச்சே," என்றான் நிலவன்.

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. வெட்கத்தோடு சிரித்துக்கொண்டே ஓடி வந்தான். "குடு சொடல, போடறேன்."

கோதண்டம் எழுந்து நடுப்பிச்சுக்கு வந்தான். நிலவனுக்கு வலி என்றால் பொறுத்திருப்பான். பணத்தாசை என்றால் நாலு வார்த்தை திட்டியிருப்பான். இதில் யாரைத் திட்டுவது? நாலு ஓவர் ஆட்டத்தில் பழகிய கால் தானாகப் போய்விட்டது.

"வேணாம்டா," என்றான். "நீ லீக்குக்கே போ."

"கோச்சிக்கினியா?"

"சேச்சே. மனசாரத்தான்டா சொல்றேன்."

நிலவன் அவனைக் கட்டிக்கொண்டான். அப்பாடா என்று ஒரு நிம்மதி அவன் முகத்தில். அதை மட்டும் பார்க்காமல் இருந்திருக்கலாம் என்றிருந்தது கோதண்டத்துக்கு.