டெஸ்ட் ஆயிடுச்சு

ஃப்ரீசர் பெட்டிக்கு வீட்டு லைனில் கரண்ட் பத்தவில்லை. பூர்ணிமா பட்டறைக்குள் போய் கம்ப்ரசரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அங்கிருந்து ஒயரை வாசல்வரை இழுத்துவந்து செருகினாள். பெட்டி உறுமிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. உள்ளே அவளுடைய அப்பா திருநாவுக்கரசு, நெற்றியில் கட்டோடு. சேரப்பணஞ்சேரியில் முப்பத்தைந்து வருடம் கார்களுக்கு அடியில் மல்லாந்து கிடந்தே பிழைத்தவர், இன்று வேலையில்லாமல் மல்லாந்திருந்தார்.

நேற்று மதியம் போன உயிர். போஸ்ட்மார்ட்டம் முடிந்து இன்று பதினொரு மணிக்குத்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். மூன்று மணிக்கு எடுத்துவிடுவோம் என்று சித்தப்பா சின்னப்பையன் போனில் ஒவ்வொருவருக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணனுக்கு ஆண்பிள்ளை இல்லை. கொள்ளி அவர்தான் வைக்க வேண்டும்.

பன்னிரண்டரைக்குக் கார்க்காரர் வந்தார். நம்பிராஜன் ஒரகடத்தில் அட்டைப்பெட்டி கம்பெனி வைத்திருப்பவர். ஐம்பத்தெட்டாம் வருட பியட் ஒன்றும் வைத்திருந்தார். நேற்று அப்பா வெள்ளோட்டம் பார்க்க ஓட்டிப்போன அது, இப்போது போலீஸ் ஸ்டேஷன் வாசலில் முன்பக்கம் நசுங்கி நிற்கிறது. ஆளுயர மாலையைப் பெட்டிமேல் சாத்திக் கும்பிட்டுவிட்டு, பந்தலில் உட்கார்ந்து டீ வாங்கிக்கொண்டார். பின்னால் அவருடைய டிரைவர் இசக்கிதுரை கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

துக்கம் கேட்க வந்தவர்கள் பேசும் நாலு வார்த்தையைப் பேசி முடித்ததும், நம்பிராஜன் ஷாக் அப்சார்பருக்கு வந்துவிட்டார்.

"மெஷின்ல டெஸ்ட் ஆயிடுச்சு சார், மாட்டிடலாம்னு எங்கிட்ட சொன்னாரு. எந்த மெஷின்னு கேட்டேன். தெரிஞ்ச எடம்னாரு. இன்னிக்குக் காலைல ஆர்.டி.ஓ. ஆபீஸ் பிரேக் இன்ஸ்பெக்டர் கழட்டிப் பாத்தாரு. முன்னாடி ரெண்டும் வெறும் டப்பா. சொட்டு ஆயில் இல்ல."

"எங்கண்ணன் அப்பிடி ஏமாத்தற ஆளு இல்ல சார்" என்றார் சித்தப்பா.

"ஏமாத்துனாருன்னு நான் சொல்லலியே. டெஸ்ட் பண்ணாமயே பண்ணிட்டேன்னு சொல்லிருக்காரு. அதுக்கு என்ன பேருன்னு நீங்களே சொல்லுங்க."

பின்வரிசையில் யாரோ, கை சுத்தமான ஆளு என்று நினைத்தோமே என்று பக்கத்து ஆளிடம் சொன்னது, டீத்தட்டோடு நின்ற பூர்ணிமாவுக்குக் கேட்டது. மெல்லச் சொல்வதாக நினைத்துக்கொண்டுதான் சொல்லியிருப்பான், பாவி.

ஒரு மாதமாக அந்த வீட்டில் ஷாக்கைப் பற்றித்தான் பேச்சு. கடற்கரை ரோட்டில் ஒரு ரிசார்ட்டில் பழைய கார்களுக்குப் போட்டி. வெள்ளைச் சட்டை போட்ட ஜட்ஜுகள் டார்ச் அடித்து அடியில் குனிந்து பார்த்து மார்க் போடுவார்கள். வேறொரு வண்டியின் புது ஷாக் அளவு ஒத்துப்போகிறது, கறுப்பு அடித்து மாட்டிவிடலாம் என்றார் அப்பா. அதில் பழைய முத்திரை எழுத்து இருக்காது, மார்க் குறைந்துவிடும் என்றார் நம்பிராஜன். புதுப்பேட்டை பழைய சாமான் கடைகளில் சல்லடை போட்டுத் தேடி, எழுத்து அழியாத பழைய ஜோடி ஒன்றைப் பிடித்துக்கொண்டும் வந்துவிட்டார்.

"பார்வைக்குத்தானே திருநாவுக்கரசு. யாரு ஓட்டிப் பாக்கப் போறா?"

"ரிசார்ட்டு வரைக்கும் வண்டி ரோட்டுலதான சார் போவணும்" என்றார் அப்பா.

கடைசியில் அப்பாவே இறங்கி வந்தார். மெஷினில் வைத்துப் பார்ப்போம், உள்ளே ஆயில் நின்று அழுத்தம் கொடுத்தால் ஒரிஜினலையே மாட்டுகிறேன், இல்லாவிட்டால் கிடையாது என்றார். மகளுடைய மெஷின் என்று மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. பூர்ணிமா வேலை செய்வது ஷாக் அப்சார்பர் கம்பெனியில், லைனின் கடைசியில். ஷிப்டுக்குத் தொள்ளாயிரம் உருப்படி. வைத்து அழுத்தினால் திரையில் கோடு வரும், பச்சை விளக்கோ சிவப்பு விளக்கோ எரியும். ஒரு நிமிஷம்கூட ஆகாது.

அந்த ஒரு நிமிஷ வேலையை அவள் செய்யவில்லை. வெளிச் சாமானை உள்ளே கொண்டுபோனால் கேட்டில் பிடிப்பார்கள். அடுத்த மாதம் பர்மனென்ட் லிஸ்ட் வருகிறது, அதில் அவள் பெயர் இருப்பதாகப் பேச்சு. திங்கட்கிழமை, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தாள். செவ்வாய்க்கிழமை சூப்பர்வைசர் கடுகடுவென்றிருந்தான். புதன்கிழமை ஓ.டி. மூன்று நாளும், அப்பா ஷாக்குகளைப் போட்டுக் கட்டுக்கம்பியால் வாயை முறுக்கிக் கொடுத்த கோணிப்பை ஸ்கூட்டியின் கால் வைக்கும் இடத்தில், கம்பெனி பார்க்கிங்கில் வெயில் காய்ந்தது. வியாழக்கிழமை பட்டறையில் அதை இறக்கி வைத்துவிட்டு, "டெஸ்ட் ஆயிடுச்சுப்பா, ஓகே" என்றாள்.

அவர் பையைப் பிரித்து ஒன்றை எடுத்துத் தரையில் ஊன்றி அமுக்கிப் பார்த்தார்.

"கைக்கு லூசா தெரியுதே பாப்பா."

"கைக்கு அப்பிடித்தாம்பா தெரியும். மெஷின் சொன்னா சரிதான்."

சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சாப்பிட்டுப் படுத்துத் தூங்கினாள். நன்றாகவே தூங்கினாள்.

"வேகமா ஓட்டிருப்பாரு" என்று பந்தலில் ஒருவர் எடுத்துக் கொடுத்தார்.

"இல்லண்ணே" என்றான் இசக்கிதுரை. "நா பைக்குல பொறத்தாலதான் போனேன். நாப்பதுக்கு மேல போவல. வாலாஜாபாத் ரோட்டுல கன்டெய்னர்காரன் சிக்னல் போடாம ஒடிச்சிட்டான். மெக்கானிக் அண்ணாச்சி பிரேக்கப் புடிச்சாவ. வண்டி குனிஞ்சி, நிமிந்து, மறுபடி குனிஞ்சி... தவ்வித் தவ்வியே போயி பாலத்துக் கட்டையில முட்டிட்டு. ஷாக்கு மட்டும் நல்லா இருந்திருந்தா நின்னுருக்கும்."

நம்பிராஜன் அவனைத் திரும்பிப் பார்த்தார். இசக்கிதுரை மறுபடி கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

முகம் கழுவ அம்மா மஹாலட்சுமி பின்பக்கம் எழுந்து போனாள். பூர்ணிமா பின்னாலேயே போனாள். குழாயடியில் யாரும் இல்லை.

"அம்மா, அந்த ஷாக்க நான் கம்பெனிக்கு உள்ளயே எடுத்துக்கினு போவல."

"தெரியும்" என்றாள் அம்மா. அவள் கையிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. "அவருக்கும் தெரியும். பைய அவுக்கறப்பவே தெரிஞ்சிபோச்சாம். அவரு முறுக்குன கட்டுக்கம்பி, முறுக்குனது முறுக்குனபடியே கீதுன்னாரு."

பூர்ணிமாவுக்கு முதலில் விளங்கவில்லை. "அப்புறம் எதுக்கு லூசா தெரியுதேன்னு என்னியக் கேட்டாரு?"

"நீயா சொல்லுவேன்னுதான்."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, குழாயை இறுக்கி மூடினாள்.

"நான் சொன்னேன், வாணாம்யா, அந்த ஆளாண்ட ஆவாதுன்னு சொல்லிடுன்னு. 'கழட்டிக் காட்டி டெஸ்ட்டே ஆவலன்னு சொன்னா எம்பொண்ணு எம்மூஞ்சியில முழிக்க மாட்டா. ஒரு வாரம், மெதுவா ஓட்டிக்கறேன், மார்க்கு போட்டதும் மாத்திடறேன்'னாரு. நீ பொய் சொன்ன, அவரு நம்புனாப்பல நடிச்சாரு. ரெண்டு பேருமா சேந்து என்னிய இப்பிடி உக்கார வெச்சிட்டீங்க."

"வெளில அவரப் பொய்க்காரன்றாங்கம்மா. நான் போயி சொல்லிடறேன்."

"சொல்லி? போலீஸு உன்னிய இட்டுக்கினு போவும். வேல போவும். செத்தவருக்குப் பேரு வாங்கிக் குடுத்துட்டு நாம இன்னாத்த துன்றது?" அம்மாவின் குரல் உயரவே இல்லை. "வாய மூடிக்கினு இரு. அவரும் அதத்தான் பண்ணாரு."

அம்மா அவளைத் தொடாமல் கடந்து போனாள். அடித்திருந்தால் தேவலை என்றிருந்தது பூர்ணிமாவுக்கு.

இரண்டேமுக்காலுக்குப் பெட்டியைத் திறந்தார்கள். உடம்பெல்லாம் தையல், குளிப்பாட்ட வேண்டாம் என்று தலைமாட்டில் ஒரு சொம்புத் தண்ணீர் மட்டும் தெளித்தார்கள். பாடையில் இறக்கி, வேட்டி போர்த்தி, வாய்க்கரிசிக்குத் தட்டை எடுத்துவந்தார்கள். மேளக்காரர்கள் கொஞ்சம் ஒதுங்கி நின்றார்கள்.

சொல்லிவிடுவது என்று பூர்ணிமா தீர்மானித்திருந்தாள். போலீஸ் வந்தால் வரட்டும், லிஸ்ட் எக்கேடோ கெடட்டும். கூட்டத்தை விலக்கிக்கொண்டு நம்பிராஜன் நின்ற பக்கமாகப் போனாள். அவர் அவளைப் பார்த்துவிட்டு, தாமே இரண்டு அடி முன்னால் வந்தார்.

"ஏம்மா, நீ ஷாக் அப்சார்பர் கம்பெனிலதான் வேல பாக்கறியாமே. இப்பதான் உன் சித்தப்பா சொன்னாரு. டெஸ்ட் பண்ற மெஷின் அங்க இருக்கும்ல?"

"இருக்கு சார்."

"உங்கிட்ட குடுத்தாரா?"

அவ்வளவுதான் கேள்வி. ஆமாம் என்ற ஒரே சொல் போதும். சித்தப்பா அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் பேரைக் காப்பாற்ற ஏதோ வழி கிடைத்துவிட்டது என்று அவர் முகத்தில் அப்படி ஓர் ஆசை. அம்மா அரிசித் தட்டைப் பார்த்தபடி நின்றாள். அப்பா அங்கேயேதான் கிடந்தார், இரண்டு முழத் தூரத்தில்.

"இல்ல" என்றாள் பூர்ணிமா.

"குடுக்கவே இல்லையா?"

"இல்ல சார்."

நம்பிராஜன் தலையை ஆட்டிக்கொண்டார். சித்தப்பா தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். காலையிலிருந்து அண்ணனுக்காக ஒவ்வொருவரிடமும் மல்லுக்கு நின்றவர் அவர். கொள்ளிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு பாடைக்கு முன்னால் போய் நின்றார்.

"பொண்ணு போடும்மா, நேரமாவுது" என்றார் பாடை கட்டிய ஆள்.

அம்மா தட்டை நீட்டினாள். பூர்ணிமா ஒரு பிடி அரிசியை எடுத்துக் குனிந்தாள். பாதி அரிசி உதட்டில் பட்டு, நாலு நாள் தாடியில் சிதறியது. அவள் அதை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மறுபடி வாயில் போட்டாள். போதும்மா என்றார்கள். அவள் இன்னும் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.