ராக்காயி பார்த்த பேய்

தெரிந்த கதையை மாற்றியோ, புதிதாகவோ இஷ்டப்படி எழுதும்படி ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் சொல்லியிருந்தேன். சீனியின் கதையில் அனுமார் கடலைத் தாண்டிப் பினாங்கில் இறங்கி, காம்பாருக்கு ரயிலேறி, டிக்கெட் இல்லாமல் மாட்டிக்கொண்டார். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

ராக்காயி பேய்க்கதை எழுதியிருந்தாள். பிள்ளையைத் தொட்டிலில் விட்டுவிட்டுப் பால்வெட்டுக்குப் போன ஒருத்தி, செத்த பிறகும் ஏழாம் நம்பர் காட்டில் மரத்துக்கு மரம் நின்று, பிள்ளை அழுகிறதா என்று காது கொடுத்துக் கேட்கிறாளாம். அவள் சிலேட்டை வாங்கி இரண்டு தரம் படித்தேன். பெருமை தாங்காமல் வகுப்புக்கே சத்தமாக வாசித்துக் காட்டினேன்.

அன்று சாயங்காலமே கதை லயத்து வீடுகள் முழுக்கப் பரவிவிட்டது. மறுநாள் விடியற்காலை, வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டில், பெண்கள் ஒருத்தி விடாமல் ஏழாம் காட்டுக்குப் போகமாட்டோம் என்று நின்றுவிட்டார்கள். கங்காணி பழனியப்பன் எனக்கு ஆள் அனுப்பினார்.

"பேயுமில்ல, பிசாசுமில்ல! அது கதை. ராக்காயி தன் மனசுலேருந்து எழுதினது" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினேன்.

"சின்னப் புள்ளைக்கு அதெல்லாம் மனசுலேருந்து வருமா வாத்தியாரே? கண்ணால பாத்தாத்தான் வரும்" என்றாள் கைப்பிள்ளைக்காரியான வீரம்மா. சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள்.

கத்தியதுதான் மிச்சம். பேயை நம்புகிறவர்களுக்கு ஒரு பெண்பிள்ளையின் மூளையை நம்ப முடியவில்லையே என்று ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கடைசியில் நான் சொன்னதை நம்பியது ஒரே ஆள், கங்காணி.

"அப்ப பொய் சொல்லித்தான் என் வேலைய நிறுத்தியிருக்கா. நெசமாவே பாத்திருந்தா பூசாரிய வச்சுக் கழிச்சுட்டு விட்டிருப்பேன். பொய்க்காரிக்குப் படிப்பு எதுக்கு? நாளையிலேருந்து புல்லு வெட்ட வரட்டும்."

"கதை வேற, பொய் வேற கங்காணியாரே!"

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

நான் மறுபடி வாயைத் திறப்பதற்குள், அம்மாவின் பக்கத்தில் நின்ற ராக்காயி முன்னால் வந்தாள்.

"நான் பாத்தேன் கங்காணி. நெசமாத்தான் பாத்தேன். வாத்தியாரும் பாத்தாரு."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள், கெஞ்சுகிற மாதிரி இல்லை, அதட்டுகிற மாதிரி. அவ்வளவு நேரம் கத்திய அதே வாயால், "ஆமா, பாத்தேன்" என்றேன். நாக்கு கூசியது.

"இத மொதல்லயே சொல்ல வேண்டியதுதான? புள்ள பள்ளிக்கூடம் போகட்டும். பூசாரியக் கூப்பிடு" என்றார் கங்காணி.

பூசாரி வந்தார். எலுமிச்சம்பழத்தை அறுத்துப் போட்டுவிட்டு, "ஆளு எப்படி இருந்தா?" என்று ராக்காயியைக் கேட்டார்.

"கையில கத்தி இல்ல. வெட்டுன எடத்தையெல்லாம் புள்ளையோட துணியால தொடச்சு விட்டுக்கிட்டே போனா" என்றாள்.

வீரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

சிலேட்டில் இந்த வரி இல்லை. அங்கே நின்றபடியே கட்டியிருக்கிறாள். 'அடி ராக்காயி, நீ எழுதினதிலேயே இதுதான் உசத்தி' என்று அத்தனை பேருக்கும் நடுவில் கத்த வேண்டும்போல் இருந்தது. பேயைப் பார்த்தவன் எப்படிக் கத்துவது? பல்லைக் கடித்துக்கொண்டு, பூசாரி நீட்டிய திருநீற்றை வாங்கிப் பூசிக்கொண்டேன்.