ஹாக்ஸ்பி வண்டியை உள்ளே அழைத்த நாள்

எனிட் ஹாக்ஸ்பியும் அவள் அண்ணன் நெவிலும் இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் ஒரு பழைய ரொட்டிக்கடைக்குள் பந்தய வண்டி கட்ட ஆரம்பித்தபோது பெரிய கம்பெனிக்காரர்கள் சிரித்தார்கள். மூன்றே வருடத்தில், 1972-ல், கொட்டும் மழையில் அந்த வண்டி எல்லாரையும் முந்திக்கொண்டு முதலாவதாக வந்தது. அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

அடுத்த ஆண்டு முன்சக்கரத்தைத் தாங்கும் இரும்புக்கை முறிந்து, ஓட்டுநர் டெரிக் தடுப்பில் மோதிச் செத்துப்போனான். அந்த இரும்புக்கையை வடிவமைத்தவன் நெவில். அதைப் பற்றி அண்ணனும் தங்கையும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

இப்போது எழுபத்துநாலு, ஜூலை. முதல் மூன்று இடத்துக்குள் வராவிட்டால் விலகிவிடுவதாகச் சொல்லியிருந்தது, பணம் கொடுத்து அவர்களைத் தாங்கிய சிகரெட் கம்பெனி. புது ஓட்டுநர் ரோரி மூன்றாவதாக ஓடிக்கொண்டிருந்தான். பாதையோரச் சுவரருகே நேரம் குறித்துக்கொண்டிருந்த எனிட் சட்டென்று நிமிர்ந்தாள்.

"நெவில், இடது முன்சக்கரம் ஆடுது."

"டயர் தேஞ்சிருக்கும். பேசாம இரு."

"டெரிக்குக்கும் இப்படித்தான் ஆடிச்சு. பாத்துட்டு வாயத் திறக்காம இருந்தேன்."

நெவிலின் முகம் வெளுத்தது. "அவன் பேர இங்க எடுக்காத. இன்னும் பன்னெண்டே சுத்து. நம்ம பொழப்பே அதுலதான் இருக்கு."

அடுத்த சுற்றில் ஆட்டம் கூடியிருந்தது. எனிட் 'உள்ளே வா' பலகையை எடுத்தாள். நெவில் மறுமுனையைப் பற்றி இழுத்தான்.

"விடு எனிட்!"

"நீ விடு. இல்லன்னா பாதையில எறங்கி நிப்பேன்."

அவள் கண்களைப் பார்த்துவிட்டு அவன் கையை எடுத்தான்.

ரோரி பலகையைப் பார்த்தான். முஷ்டியை உயர்த்திக் காட்டிவிட்டுப் பறந்தான். அந்த ஒரு சுற்று முடியும்வரை எனிட் கடிகாரத்தைப் பார்க்கவேயில்லை. ஒவ்வொரு வண்டியாக வந்தது, போனது. தொலைவில் அவர்கள் இன்ஜினின் சத்தம் கேட்டதும் இன்னும் முன்னால் சாய்ந்து பலகையை நீட்டினாள்.

இம்முறை உள்ளே வந்தான். "பைத்தியமா உங்களுக்கு? நல்லாத்தானே ஓடுது!" என்று கத்தினான்.

மெக்கானிக்குகள் தடவிப் பார்த்தார்கள். இரும்புக்கையில் பழுதே இல்லை. சக்கரம் ஆடாமல் சமன்செய்ய அதன் விளிம்பில் பொருத்தியிருந்த கட்டைவிரலளவு ஈயத்துண்டு ஒன்று கழன்று விழுந்திருந்தது, அவ்வளவுதான். அதற்குள் ஐந்து வண்டிகள் முந்திவிட்டன. ரோரி எட்டாவதாக முடித்தான்.

கம்பெனி அதே வாரம் விலகியது. அக்டோபருக்குள் மெக்கானிக்குகள் வேறு இடம் தேடிக்கொண்டார்கள். ரோரி சொல்லிக்கொள்ளாமலே போனான்.

பட்டறையை மூடும் நாளில் நெவில் ரோரி வண்டியின் அந்த இரும்புக்கையை நாலு இடத்தில் அறுத்தான். உள்ளே எங்கும் சுத்தமான இரும்பு.

"பாத்தியா? ஒரு கீறல்கூட இல்ல."

"பாத்தேன்."

"மறுபடி ஆடினா?"

"மறுபடியும் கூப்பிடுவேன்."

அவன் ரம்பத்தைக் கீழே வைத்தான். "டெரிக் வண்டி ஆடினத நீ மட்டும் பாக்கல, எனிட். நானும் பாத்தேன்."

அடுத்த ஞாயிறு இருவரும் டெரிக்கின் மனைவி வீட்டுக்குப் போனார்கள். ஆட்டத்தைப் பார்த்தும் வண்டியை உள்ளே கூப்பிடாததை அவர்கள் சொல்ல, அவள் வெகுநேரம் அவர்களை வாசலிலேயே நிற்க வைத்துக் கேட்டாள். எல்லாவற்றையும் கேட்டபின் கதவைச் சாத்தவில்லை. அவள் மட்டும் உள்ளே போனாள். போவதா நிற்பதா என்று தெரியாமல் இருவரும் அங்கேயே நின்றார்கள்.