முழங்கால் உயரக் குளிர்காலம்

காரைக்காலில் கமருன்னிசா வீட்டு மொட்டை மாடியில், ஒரு சிமெண்டுத் தொட்டியைச் சுற்றி, கார்த்திகை முதல் மாசி வரை குளிர்காலம் வந்துபோகிறது. முழங்கால் உயரத்துக்கு மேல் அது வளர்ந்ததில்லை. நின்றால் வெயில், உட்கார்ந்தால் பல் தந்தியடிக்கும்.

காரணம் நாத்தனார் ஜஸீலா. கல்யாணமான நாளிலிருந்து கமருன்னிசா செய்த எதையும் அவள் மெச்சியதில்லை. பாரிஸிலிருந்து விடுமுறைக்கு வந்தவள் டாஃபடில் என்ற குளிர்நாட்டு மஞ்சள் பூவின் குட்டை வகைக் கிழங்குகளைக் கொடுத்து, "வச்சுப் பாருங்க மச்சி. உங்க ஊர் வெயிலுக்கு அவிஞ்சுதான் போவும்" என்றாள். இதிலாவது ஜெயித்துவிட வேண்டும் என்று கமருன்னிசா அன்றே முடிவு செய்தாள். அந்தக் கிழங்குக்குள் பூ ஏற்கெனவே சுருண்டு உறங்கும். அதை எழுப்புவது குளிர்தான். மூன்று மாதம் குளிர் படாவிட்டால் இலை மட்டும் வரும். ஆகவே காகிதப் பையில் கட்டி ஃபிரிட்ஜில் வைத்தாள். பழுக்கும் ஆப்பிள் விடும் வாயு உள்ளிருக்கும் பூவைக் கெடுக்கும் என்பதால் பழங்களை வெளியேற்றினாள்.

அந்த மூன்று மாதத்தில் பாதி ஆகியிருந்தபோது புயல் வந்து மின்சாரம் போனது. வேறு வழியில்லாமல், அழுதுகொண்டே தொட்டியில் நட்டாள்: அடித் துளையின் மேல் ஓட்டுச் சில், மண்ணோடு சரிபாதி மணல், கூர்முனை மேலே, கிழங்கைப்போல் இரு மடங்கு உயரத்துக்கு மூடுமண். மறுநாள் காலை, ஃபிரிட்ஜில் மிச்சமிருந்த குளிர் படியேறித் தொட்டியருகே போயிருந்தது. படிகளெல்லாம் அதன் ஈரம். ஐஸ் கிடைக்காமல் தவித்த மீன்காரி அஞ்சுகம் கூடையைக் கொண்டுவந்து அங்கே வைத்தாள். "அது பாட்டுக்கு இருக்கட்டுங்க. ஏன்னு கேட்டா போயிடும்" என்றாள். யாரும் கேட்கவில்லை. தெருவே பாலையும் இட்லி மாவையும் அங்கே கொண்டுவந்து வைத்தது.

தை மாதம் ஒரு கல்யாணத்துக்கு வந்த ஜஸீலா, மாடியில் நின்று வியர்வையைத் துடைத்தபடி, பூ எங்கே என்று சிரித்தாள். உட்கார்ந்து பார்க்கச் சொன்னாள் கமருன்னிசா. உட்கார்ந்தாள். பனிமூட்டத்துக்குள், ஒரு சாண் உயரத்தில் தொட்டி நிறைய மஞ்சள். அவள் மூச்சு புகையாக வந்தது.

"எங்க ஃபிளாட்டு ஹீட்டர் சூட்டுல மூணு வருஷமா ஒண்ணுகூடப் பூக்கலை மச்சி" என்றாள். "ஒரு போர்வை குடுங்க."

கமருன்னிசா போர்வையைக் கொஞ்சம் மெதுவாகவே எடுத்து வந்தாள்.

பூ வாடிய பிறகும் அவள் இலைகளை வெட்டவில்லை. அடுத்த பூவுக்கான உணவை இலைகள்தான் கிழங்குக்கு அனுப்பும். அவை பழுத்ததும் குளிர் படியிறங்கி ஃபிரிட்ஜுக்குத் திரும்பியது. இந்த வருஷம் தோட்டத்திலும் நட்டிருக்கிறாள். களிமண்ணில் நீர் தேங்கிக் கிழங்கு அழுகும் என்பதால் மணல் மேடு போட்டு. இரண்டு இடத்தையும் பார்க்க வேண்டியிருப்பதால் குளிர் இப்போது கணுக்கால் உயரம்தான். தெருக்காரர்கள் மாவைத் தட்டையான பாத்திரங்களுக்கு மாற்றிக்கொண்டார்கள்.