பேட்டண்ட் வாய்க்கூடு

திருவண்ணாமலை தேரடித் தெருவில் பட்டறை வைத்திருந்த கண்ணாயிரத்துக்கு அன்று தலைகால் புரியவில்லை. போரடிக்கும் மாடு நெல்லில் வாய் வைக்காதபடி அவன் கம்பியில் செய்த வாய்க்கூட்டுக்கு பேட்டண்ட் கிடைத்துவிட்டது. மாட்டி விட்டால் மாடு மூச்சு விடலாம், தண்ணீர்கூடக் குடிக்கலாம், ஒரு மணி தின்ன முடியாது. முதல் ஆளாக, கீழ்பென்னாத்தூர் பண்ணைக்காரர் ஆதிமூலம் ஒரு டஜன் வாங்கிப் போனார். அவரிடம் இருந்ததோ ஒரே ஜோடி மாடு. ஏன் இத்தனை என்று கேட்க இவனுக்குத் தோன்றவில்லை.

தன் சரக்கு வேலை செய்யும் அழகைப் பார்க்க அடுத்த வாரம் பஸ் ஏறிப் போனான். களத்தில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து விதைக்கு வைத்த மல்லாட்டையை, அதாவது நிலக்கடலையை, உரித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருத்தி வாயிலும் அவன் செய்த கூடு. அந்த ஊரில் வாழ்க்கைப்பட்ட அவன் அக்கா ஆராயியும் அதில் ஒருத்தி.

“ஒரு பருப்பு கொறையலப்பா,” என்றார் ஆதிமூலம். “ஆனா மாட்டு அளவு பாரு, லூஸா இருக்குது, நழுவுது.”

கண்ணாயிரத்தின் முகம் சுண்டிப்போனது. நேரே அக்காவிடம் போய்க் குந்தினான்.

“அவுத்து வுடுடா தம்பி, காது அறுக்குது,” என்று கழுத்தை நீட்டினாள் ஆராயி.

அவன் சட்டைப்பையிலிருந்து நூலை எடுத்து அவள் தாடையில் சுற்றினான்.

“அசையாதக்கா. அளவெடுக்கணும்.”