இருந்தபடி

கொல்லம் ஆண்டு 1104 பங்குனி ஏழாம் தேதி காலை பத்து மணிக்கு, கோர்ட்டு ஆமீன் தடை உத்தரவைச் சோற்றுப்பசை தடவி வாசல் நிலையில் ஒட்டினார். அந்த நேரம் முதல் பூதப்பாண்டி ஐயப்பன் பிள்ளையின் வீட்டில் எதுவும் மாறவில்லை. உறையூற்றிய பால் பாலாகவே இருந்தது. பழுத்த மட்டை தென்னையில் நின்றது. வயலில் விளைந்து சாய்ந்த கதிரிலிருந்து ஒரு மணிகூட உதிரவில்லை. கிளிகள் கொத்திப் பார்த்துவிட்டுப் போயின. வெளியிலிருந்து வந்த அரிசி மட்டும் வெந்தது.

உத்தரவு வாங்கியவள் ஐயப்பனின் அத்தை, அப்பாவின் கூடப்பிறந்த தாணம்மாள், தன் மகன்களுக்காக. தாய்மாமன் சொத்து சகோதரி பிள்ளைகளான மருமகன்களுக்கே என்ற பழைய முறை போய், பெற்ற மக்களுக்கும் பங்கு உண்டு என்று சட்டம் வந்திருந்த சமயம். ஐயப்பனின் அப்பா இறந்து பதினாறு கழிந்த மறுநாள் வழக்குப் போட்டார்கள். மனு எழுதியவர் பழைய ஆதாரப் பத்திரங்களில் எப்போதும் வரும் வரியை அப்படியே சேர்த்தார்: வீடும் வயலும், அவற்றில் உள்ளதும் இனி உண்டாகப்போவதும், விசாரணை முடியும்வரை இருந்தபடி இருக்கவேண்டும். தலைமுறை தலைமுறையாக எல்லோரும் எழுதும் வரி. முன்சீப் அதில் குறை காணவில்லை.

ஐயப்பனின் மனைவி செல்லத்தாய்க்கு அது நிறைமாதம். பங்குனி கழிந்தும் வலி வரவில்லை. விலாவுக்குக் கீழே பிள்ளையின் குதிகால் முட்டிய இடத்திலேயே முட்டி நின்றது. மருத்துவச்சி நேசம்மாள் காது வைத்துக் கேட்டு, துடிப்பு இருக்கிறது, அசைவு இல்லை என்றாள். ஆரல்வாய்மொழியில் அம்மா வீட்டுக்குப் போக வண்டி கட்டினார்கள். நடைவாசலில் செல்லத்தாயின் வயிறு சுவரில் முட்டியதுபோல் நின்றது. கால் தாண்டியது, வயிறு தாண்டவில்லை. வண்டிக்காரன் காளைகளை அவிழ்த்தான். அதன்பிறகு அவள் இரண்டு கைகளையும் வயிற்றின்மேல் வைத்தபடியே இருந்தாள். தூங்கினால் துடிப்பும் நின்றுவிடும் என்று பயந்தாள்.

சித்திரையில் கோர்ட்டுக்குக் கோடை விடுமுறை. ஐயப்பன் அத்தை வீட்டுக்குப் போனான்.

"நான் வீட்டுக்குத்தாம்லே தடை கேட்டேன். வயித்துக்குக் கேக்கல்ல" என்றாள் தாணம்மாள்.

"அப்போ வழக்கை எடுத்துக்கிடுங்க அத்தை."

"எனக்க பயலுவ விடணுமே. அவனுவளுக்கு எட்டுக் கோட்டை விதைப்பாடு வயலும் கண்ணுக்குள்ள நிக்கு." அவள் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

ஐயப்பனின் வக்கீல், கோட்டாறு ஞானையன், உத்தரவை இரண்டு முறை வாசித்தார். "பிள்ளை சொத்தில் சேர்ந்ததில்லேண்ணு ஆட்சேபம் எழுதலாம். எழுதினா, நாளைக்கு அந்த வீட்டில ஒரு பிடி மண்ணு அதுக்குக் கிடையாது. யோசிச்சுக்கிடும்."

"மண்ணு கெடக்கட்டும். மூச்சு வேணும்" என்றான் ஐயப்பன்.

வைகாசியில் கோர்ட்டு திறந்தது. ஒரு பங்கு குறைகிறது என்பதால் எதிர்த்தரப்பு வக்கீல் மறுப்புச் சொல்லவில்லை. பிள்ளையை மட்டும் தடையிலிருந்து நீக்கி முன்சீப் கையெழுத்திட்டபோது, பூதப்பாண்டியில் செல்லத்தாய்க்கு வலி வந்தது. பெண் பிள்ளை. நேசம்மாள் அதைக் குளிப்பாட்டிப் பாயில் கிடத்தினாள். பிள்ளை பாயைத் தொடவில்லை. ஒரு நெல்மணி நிற்கும் உயரத்தில் கிடந்தது. அவள் இடைவெளியில் துணியை நுழைத்து மறுபக்கம் இழுத்தாள். தடையில்லாமல் வந்தது. கையைக் கழுவி, வெற்றிலை வாங்கிக்கொண்டு போனாள்.

வழக்கு முன்சீப் கோர்ட்டிலிருந்து ஜில்லாக் கோர்ட்டுக்கும் அங்கிருந்து திருவனந்தபுரம் ஹைக்கோர்ட்டுக்கும் போயிற்று; தடை அப்படியே நின்றது. பிள்ளைக்குப் பகவதி என்று பெயரிட்டார்கள். தெருவில் அவள் காலடி மற்றப் பிள்ளைகளின் காலடிபோலவே மண்ணில் பதிந்தது. வீட்டுக்குள் அவள் நடப்பது கேட்காது. செல்லத்தாய் கொலுசு போட்டுவிட்டாள். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று இறங்கும்போது ஜன்னல்களைச் சாத்தி, முண்டுத் துணியால் பிள்ளையின் இடுப்பைத் தூணோடு கட்டிவைப்பாள். முடிச்சை அடிக்கடி தொட்டுப்பார்ப்பாள். ஊரில் யாரும் அதைப் பற்றிக் கேட்பதில்லை. தாணம்மாள் ஒருமுறை முந்திரிக்கொத்தோடு வந்து பிள்ளையை மடியில் வைத்தாள். மடியில் பிள்ளை கனத்தது. சாயங்காலம்வரை அவள் எழுந்திருக்கவில்லை.

1110 கார்த்திகையில் செல்லத்தாய் அம்மா வீட்டிலிருந்து திரும்பினாள். அங்கேயே உண்டான இரண்டாவது பிள்ளை வயிற்றில் அசையத் தொடங்கியிருந்தது. பகவதி தரைக்கு மேலாக முற்றத்தில் ஓடிவந்தாள். நிலையில் உத்தரவின் ஓரம்கூடப் பெயரவில்லை. செல்லத்தாய் நடைவாசலுக்கு வெளியே தெருவில் நின்றாள். பெட்டியை வாங்க வந்த ஐயப்பனிடம் பெட்டியைக் கொடுக்காமல், மறு கையை வயிற்றின்மேல் வைத்தாள்.

"இதுக்கு என்னண்ணு எழுதிக் குடுக்கப் போறியோ?"